வைக்கோலுக்குள் வெங்காயம்

ஊரில் அவருக்கு மோப்பம் என்று பெயர். வைத்தவர்கள் நல்லெண்ணத்தில்தான் வைத்தார்கள். வெங்காயப் பட்டறையை ஒரு சுற்றுச் சுற்றி வந்தால் போதும், உள்ளே எந்த மூலையில் காய் கெட ஆரம்பித்திருக்கிறது என்று மூக்காலேயே சொல்லிவிடுவார். போய்க் கிளறிப் பார்த்தால் அங்கே ஒன்று கசிந்துபோய், பக்கத்துக் காய்களையும் கூட்டுச் சேர்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும். நாளடைவில் அந்தப் பெயருக்கு இன்னொரு காரணமும் சேர்ந்துகொண்டது. யாராவது எதிரே வந்து "சௌக்கியமா?" என்று கேட்டுவிட்டால், இவன் எதற்குக் கேட்டான், யார் கேட்கச் சொன்னார்கள் என்று சாயங்காலம் வரைக்கும் மனுஷர் மோந்துகொண்டிருப்பார். அவர் மனைவிக்கு இது பழகிவிட்டது. கல்யாணமான புதிதில் அவள் குழம்பில் உப்பு சரியாகப் போட்டிருந்தாலும் "என்ன விசேஷம்?" என்று கேட்ட ஆள்.

வெங்காயம் சேர்த்து வைக்கிற பட்டறை என்றால் பெரிய கட்டடம் ஒன்றுமில்லை. கல் அடுக்கி, அதன்மேல் கட்டை போட்டு, தரையிலிருந்து தூக்கிக் கட்டிய ஒரு நீளக் கூடு. சுவருக்குப் பதில் மூங்கில் பிளாச்சு, நடுநடுவே விரல் நுழையும் இடைவெளி. மேலே தகரம். அகலம் அதிகம் கூடாது. காற்று இந்தப் பக்கம் நுழைந்து அந்தப் பக்கம் போக வேண்டும். வெங்காயம் பிடுங்கிய பிறகும் உயிரோடு இருக்கிற பண்டம், அதற்கு மூச்சு விட இடம் வேண்டும். காற்று இருந்தால் மாதக்கணக்கில் கிடக்கும். இல்லையென்றால் வேர்த்துப்போகும், வேர்த்த காய் தேறாது.

அந்த வருஷம் அவர்கள் பட்டறை தகரம் தொட நிறைந்திருந்தது. வேறு பக்கங்களில் மழை கெடுத்துவிட்டதில் விலை ஏறிக்கொண்டே போனது. அவள் மனசுக்குள் ஒரே ஒரு எண்ணம்தான். கிணறு அடியில் பாறை தெரிய வற்றிக் கிடந்தது. இந்தப் பட்டறை நல்லபடியாகக் கைக்கு வந்தால் கிணற்றை ஆழப்படுத்திவிடலாம், அடுத்த போகத்துக்குத் தண்ணீர் உண்டு. வராவிட்டால் நிலத்தை யாருக்காவது குத்தகைக்கு விட்டுவிட்டு இந்த வயசில் மோப்பம் கூலிக்குப் போய் நிற்க வேண்டும். எவன் தோட்டத்திலாவது எவனையாவது நம்பி அவர் வேலை செய்வதை அவளால் நினைத்துப் பார்க்க முடியவில்லை.

அவள் தம்பி சந்தையில் தரகு பார்க்கிறவன். ஒரு நாள் காலை வெயில் ஏறுமுன் வண்டியில் வந்து இறங்கினான்.

"மாமா, நல்ல விலை போகுது. கப்பலுக்குப் போற சரக்கு கேக்கறாங்க. லாரி தயாரா நிக்குது. முழுசா வேணாம், பாதியாச்சும் ஏத்திடுவோம்."

"என்ன அவசரம்?" என்றார் மோப்பம்.

"அவசரம்லாம் இல்ல. இப்ப குடுத்தா நல்லது."

"நல்லது யாருக்கு?"

"என்ன மாமா இப்படிக் கேக்கறீங்க? உங்களுக்குத்தான்."

"எனக்கு நல்லதுன்னா நீ ஏன்ப்பா இவ்ளோ தூரம் வண்டி ஓட்டிக்கிட்டு வர்ற?"

தம்பி அக்கா முகத்தைப் பார்த்தான். "மொதல்ல டீயைக் குடிடா, ஆறிப்போகுது," என்றாள் அவள். பாதி டீ குடித்தான். அதற்குமேல் இறங்கவில்லை. டம்ளரை வைத்துவிட்டு, "இன்னும் ஏறும்னு காத்திருக்கீங்க. ஏறலாம். ஆனா டவுன்ல சனங்க கத்த ஆரம்பிச்சுட்டாங்க மாமா. அவங்க கத்தினா மேல இருக்கறவங்களுக்குக் காது கேக்கும். அதான் பயமா இருக்கு," என்று சொல்லிவிட்டுப் போனான்.

வண்டிச் சத்தம் தேயும்வரை மோப்பம் வாசலிலேயே நின்றார். "பாதி டீயில எந்திரிச்சான் பாத்தியா? மனசுல ஏதோ இருக்கு."

"டீல சக்கரை கம்மி. அதான் இருக்கு," என்றாள் அவள்.

லாரி வேறு யாருடைய வெங்காயத்தையோ ஏற்றிக்கொண்டு போனது. விலை இன்னும் கொஞ்சம் ஏறியது. மோப்பம் இரண்டு நாள் தெருவில் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு நடந்தார். மூன்றாவது நாள் டிவியில் செய்தி வந்தது. விலைவாசியைக் கட்டுப்படுத்த வெங்காய ஏற்றுமதிக்குத் தடை. அறிவிப்பு வந்த நிமிஷமே அமல். துறைமுகத்துக்குப் போன லாரிகள் வாசலிலேயே மறிக்கப்பட்டு வரிசையாக நிற்பதைக் காட்டினார்கள். அதற்கடுத்தாற்போல் டவுன் மார்க்கெட்டில் பை தூக்கிக்கொண்டு நின்ற ஒரு பெண், இனிமேல் நிம்மதியாகச் சமைக்கலாம் என்று சிரித்தாள்.

செய்தி முடிவதற்குள் ஃபோன் அடித்தது. மகள். கல்யாணமாகி டவுனில் இருப்பவள். பஸ் நிலையத்துக்குப் பக்கத்தில் புருஷனும் அவளுமாக ஒரு சின்னச் சாப்பாட்டுக் கடை நடத்துகிறார்கள்.

"அம்மா, கேட்டியா? தடை போட்டுட்டாங்களாம்! அப்பாடா, இனிமேல் கொஞ்சம் மூச்சு விடலாம். வர்றவன் எல்லாம் வெங்காயம் எங்கன்னு சண்டைக்கு வர்றான்மா. வெங்காயம் கேக்காதீங்கன்னு அட்டையே எழுதி மாட்டிட்டேன். இன்னும் ஒரு மாசம் இப்படியே போயிருந்தா கடையை இழுத்துச் சாத்தியிருப்போம்."

ஃபோனில் குரல் சத்தமாகத்தான் வரும். மோப்பம் அதை அப்படியே கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார். "நம்ம வீட்லயே ஆள் வச்சிருக்காங்க," என்றார் மெதுவாக.

மகளுக்கு அது கேட்டுவிட்டது. "ஐயோ அப்பா, நான் உங்க வெங்காயத்தைச் சொல்லல. கடை வெங்காயத்தைச் சொன்னேன்."

"எல்லாம் ஒரே வெங்காயம்தாம்மா," என்றார்.

இரண்டு பேருக்கும் நடுவில் ஃபோனைப் பிடித்துக்கொண்டு நின்ற அவளுக்கு யார் பக்கம் பேசுவதென்று தெரியவில்லை. மகள் கடையில் அடுப்பு எரிய வேண்டும், இங்கே கிணற்றில் தண்ணீர் ஊற வேண்டும். இரண்டும் நடக்கிற மாதிரி ஒரு உத்தரவு போட யாருக்கும் தோன்றவில்லையே என்று எரிச்சலாக இருந்தது.

சந்தையில் விலை சரிந்து பாதிக்கும் கீழே போனது. அன்று ராத்திரிச் சாப்பாட்டில் மோப்பம் தட்டைத் தொடாமல் பேசிக்கொண்டே இருந்தார்.

"அவனுக்கு முன்னாடியே தெரிஞ்சிருக்கு."

"யாருக்கு?"

"உன் தம்பிக்கு. தடை வரப்போகுதுன்னு தெரிஞ்சுதான் ஓடி வந்தான்."

"தெரிஞ்சிருந்தா ஏங்க வாங்க வர்றான்? வாங்கினா அவன் தலைல இல்ல விழும்? தெரியாமத்தான் வந்திருக்கான்."

"தெரியாதவன் எதுக்குப் பயமா இருக்குன்னு சொன்னான்?"

"பயமா இருக்குன்னு சொன்னா, தெரியும்னு அர்த்தமா? எனக்குந்தான் உங்களைப் பாத்தா பயமா இருக்கு. எனக்கு என்ன தெரியும்?"

அவர் சிரிக்கவில்லை. பதில் சொன்னாலும் அவள் தோற்றாள், சொல்லாவிட்டாலும் தோற்றாள். அவர் சந்தேகத்துக்கு எந்தப் பக்கம் திருப்பினாலும் ஒரு வாசல் இருக்கும். இத்தனைக்கும் அவரை முழுசாகக் குறை சொல்லவும் அவளால் முடியாது. சில வருஷத்துக்கு முன் ஆபீஸ்காரர்கள் மைக் கட்டிக்கொண்டு வந்து, வெங்காயத்துக்கு எதிர்காலம் உண்டு, நிறையப் போடுங்கள் என்றார்கள். ஊரே போட்டது. அறுவடை நேரம் பார்த்து வெளிநாட்டு வெங்காயம் கப்பலில் வந்து இறங்கியது. அந்த வருஷம் பிடுங்கின கூலிக்குக்கூடக் கட்டாமல் தன் காயைத் தானே ரோட்டோரம் கொட்டிவிட்டு வந்தவர் அவர். அதற்கு முன்பும் அவர் சந்தேகப் பிராணிதான். ஆனால் அதற்குப் பிறகுதான் சிரிப்பதையும் விட்டார்.

"தடை எப்பவும் இருக்காது. எடுப்பாங்க. அதுவரைக்கும் பட்டறை கிடக்கட்டும்," என்று முடிவு கட்டினார். அது தப்பான முடிவில்லை. காய் நல்ல காய், காய்ந்த காய். அப்படியே விட்டிருந்தால் கிடந்திருக்கும்.

ஆனால் இரண்டாவதாக ஒரு உத்தரவு வந்தது. யாரும் அளவுக்கு மேல் வெங்காயம் இருப்பு வைக்கக் கூடாது. டிவியில் ஒரு கிடங்கை உடைத்துத் திறந்து, மூட்டை மூட்டையாக வெளியே இழுத்துப்போட்டு, பதுக்கல்காரர்கள் தப்ப முடியாது என்றார்கள். யாருக்கு எவ்வளவு அளவு, வியாபாரிக்கா, விளைவித்தவனுக்குமா என்றெல்லாம் யாரும் நிறுத்திச் சொல்லவில்லை. சொல்லியிருந்தாலும் மோப்பம் நம்பியிருக்கப் போவதில்லை.

மறுநாள் காலை அவர் டவுனுக்குப் போய் இரண்டு பெரிய தார்ப்பாய் வாங்கிவந்தார்.

"எதுக்கு?" என்றாள்.

"மூடணும்."

"பட்டறையையா? காத்து?"

"மேல தகரத்துக்கும் இதுக்கும் நடுவுல போகும். ரோட்லேர்ந்து பாத்தா பிளாச்சு சந்துல வெங்காயம் செவசெவன்னு தெரியுது. ஜீப்புல போறவன் நின்னு பாத்தா போச்சு. பதுக்கல்னு சீல் வச்சிருவான்."

"நம்ம காட்டுல விளைஞ்சது பதுக்கலா?"

"அவன் எழுதினா பதுக்கல்தான்."

அவளுக்கு அது சரியாகப் படவில்லை. ஆனாலும் அவள் ஒரு முனையைப் பிடித்துக்கொண்டாள். அவர் சொன்னதில் பயம் மட்டும் அவளுக்கும் ஒட்டிக்கொண்டது. சீல் வைத்துவிட்டால் கிணறு கனவாகிவிடும். தார்ப்பாயை இழுத்துக் கட்டிய பிறகு தூரப் போய் நின்று பார்த்தார்கள். கட்டின பொட்டலம் மாதிரி இருந்தது, இன்னும் சந்தேகமாகத்தான் தெரிந்தது. அதனால் வைக்கோலைக் கொண்டுவந்து நாலு புறமும் சாத்தி, மேலேயும் பரத்தி, கயிறு போட்டுக் கட்டினார்கள். இப்போது பார்த்தால் அசல் வைக்கோல் போர். மோப்பத்துக்கு வெகுநாள் கழித்து முகத்தில் ஒரு திருப்தி வந்தது.

அதற்கு ஒரு சோதனையும் உடனே வந்தது. பக்கத்துத் தோட்டத்துப் பால்காரர், மாடு வைத்திருப்பவர், வேலி ஓரம் வந்து நின்றார்.

"என்னண்ணே, வைக்கோல் நிறையப் போட்டிருக்கீங்க போல?"

"ஆமா."

"மாடு ஒண்ணும் இல்லையே உங்ககிட்ட?"

"வாங்கலாம்னு இருக்கேன்."

"வாங்கற வரைக்கும் எனக்கு ரெண்டு கட்டுக் குடுங்களேன். காசு குடுத்துடறேன்."

"இது விக்கறதுக்கு இல்லப்பா."

"விலைக்கு இல்லாட்டி கைமாத்தாக் குடுங்க."

"இது பழைய வைக்கோல். மாடு தின்னாது."

"நேத்துத்தானே வண்டியில வந்து இறங்குச்சு?"

இருவரும் வைக்கோலைப் பார்த்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றார்கள். அவர் போனதும் மோப்பம் மனைவியிடம் வந்து, "இவனை யாரோ அனுப்பியிருக்காங்க," என்றார்.

அவள் வேலிக்கு அந்தப் பக்கம் எட்டிப் பார்த்தாள். பால்காரருக்கும் ஒரு பட்டறை உண்டு. முந்தின வாரம்வரை மூங்கில் தெரிய நின்ற பட்டறை. இப்போது அங்கேயும் ஒரு வைக்கோல் போர் நின்றது. அதற்கும் அப்பால் இன்னொன்று. அந்தப் பக்கத்தில் திடீரென்று வைக்கோல் பெருத்துவிட்டது. எல்லாரும் எல்லாருடைய வைக்கோலையும் பார்த்தார்கள். யாரும் வாய் திறக்கவில்லை. டீக்கடையில் வெங்காயம் என்ற பேச்சே எடுப்பதில்லை. எடுத்தவனை இவன் யார் ஆள் என்று மற்றவர்கள் பார்த்தார்கள்.

பிறகு மழை தூறியது. பெரிய மழையில்லை, பிசுபிசுவென்று நாளெல்லாம் தூற்றல். நின்றதும் வெயில் சுள்ளென்று அடித்தது. மறுபடி தூற்றல். காலையில் எழுந்ததும் மோப்பம் வழக்கம்போல் போரைச் சுற்றி வருவார், மூக்கை நீட்டி இழுப்பார். "காய் அருமையா இருக்கு. ஒரு கெட்ட வாசனை இல்ல," என்பார். ஈர வைக்கோலைத்தான் மோந்துகொண்டிருக்கிறோம் என்பது அவ்வளவு பெரிய மூக்குக்கு உறைக்கவில்லை. அவளுக்கும் உறைக்கவில்லை. அவர் மூக்கு ஒன்றைத்தான் அந்த வீட்டில் இரண்டு பேரும் நம்பியிருந்தார்கள்.

மகள் மறுபடி ஃபோன் பண்ணினாள். "அம்மா, டவுன்ல விலை குறைஞ்சுதுன்னு பேருக்குத்தான். எங்களுக்கு வர்றப்ப பழைய விலையிலதான் நிக்குது. நடுவுல யாரு தின்னுறாங்கன்னு தெரியல. அப்பாகிட்டச் சொல்லி ரெண்டு மூட்டை அனுப்பேன். மார்க்கெட் விலை என்னவோ குடுத்துடறோம், சும்மா வேணாம்."

அவள் திரும்புவதற்குள் மோப்பம் ஃபோனைப் பிடுங்கிக்கொண்டார். தெருவுக்கே கேட்கிற குரலில், "எங்கிட்ட ஏதும்மா வெங்காயம்? எல்லாம் எப்பவோ வித்தாச்சு. ஒரு காய் கிடையாது," என்றார்.

"எப்பப்பா வித்தீங்க? அம்மா ஒண்ணும்..."

"ஒரு காய் கிடையாதும்மா," என்று மறுபடி சொல்லி வைத்துவிட்டார்.

அவள் அவர் பக்கம் திரும்பினாள். "பெத்த பொண்ணுகிட்டவா?"

"ஃபோனை யாரு ஒட்டுக் கேக்கறானோ? பொண்ணுகிட்டச் சொன்னா மாப்பிள்ளைக்குத் தெரியும். மாப்பிள்ளைக்குத் தெரிஞ்சா கடைக்கு வர்றவனுக்கெல்லாம் தெரியும்."

"நல்லா இருக்கு," என்று மட்டும் சொன்னாள். மனசு ஆறவில்லை. மகள் சும்மா கேட்கவில்லை, காசு தருகிறேன் என்றுதான் கேட்டாள். அம்மா வீட்டில் இரண்டு மூட்டை வெங்காயம் கேட்கக்கூட அவளுக்கு உரிமை இல்லையா? அன்றே அவள் தீர்மானித்துவிட்டாள். காதோடு காது வைத்தாற்போல இரண்டு மூட்டை எடுத்து, பால் வண்டியிலோ தம்பி மூலமாகவோ அனுப்பிவிட வேண்டியது. இவருக்குத் தெரிந்தால்தானே?

விலை நிலவரத்தை யார் வாயாலும் கேட்டு நம்பமாட்டார் என்பதால் மோப்பம் வாரம் ஒரு தடவை தானே சந்தைக்குப் போய்ப் பார்ப்பார். அவர் போன பிறகு, மத்தியானம், அவள் இரண்டு காலிச் சாக்கோடு போருக்குப் பின்பக்கம் போனாள். திருடப் போகிறவள் மாதிரி இரண்டு பக்கமும் பார்த்துக்கொண்டாள். தன் வீட்டு வெங்காயத்துக்குத் தானே இப்படிப் பதுங்குகிறோமே என்று நினைத்தபோது அவளுக்கே சிரிப்பு வந்தது. வைக்கோலை விலக்கி, கயிற்றைத் தளர்த்தி, தார்ப்பாயின் ஓரத்தைத் தூக்கினாள்.

உள்ளேயிருந்து வெந்நீர்ப் பானை திறந்ததுபோல் ஆவி முகத்தில் அடித்தது. அதற்குப் பின்னாலேயே நாற்றம். பிளாச்சுச் சந்தில் விரலை விட்டாள். கதகதவென்று ஈரமாக ஏதோ விரலில் வழிந்தது. குனிந்து பார்த்தாள். அடிக்கட்டையிலிருந்து சொட்டுச் சொட்டாகப் பழுப்புத் தண்ணீர் இறங்கி மண் கறுத்திருந்தது. மேலே கிடந்த காய்கள் இருட்டிலேயே வெளுத்த முளை விட்டிருந்தன.

சாக்குகளைக் கீழே போட்டுவிட்டு அப்படியே உட்கார்ந்துவிட்டாள். கிணறு, அடுத்த போகம், குத்தகை எல்லாம் ஒன்றாகக் கண்முன் வந்தன. அழுகை வருமுன் பயம் வந்தது. தார்ப்பாயை மறுபடி கட்டிவிட்டுப் பேசாமல் இருந்தால் அவள் திறந்தது யாருக்கும் தெரியாது. திறந்தே வைத்தால் அவர் வந்து கேட்கிற முதல் கேள்வி, நீ எதற்கு இங்கே வந்தாய் என்பதுதான். கெட்ட காயைப் பார்க்கமாட்டார், திறந்த கையைத்தான் பார்ப்பார். அவளுக்கு அவரைத் தெரியும்.

ஆனால் எல்லாக் காயும் கெடவில்லை. ஓரத்துக் காய்களை அழுத்திப் பார்த்தாள், கல் மாதிரி இருந்தன. காற்றுப் பட்டால் பாதியாவது பிழைக்கும். சாயங்காலம்வரை காத்திருந்தால் அதுவும் போகும்.

எழுந்தாள். அரிவாளை எடுத்துக் கயிறுகளை அறுத்தாள். வைக்கோலை வாரி வாரித் தரையில் எறிந்தாள். தார்ப்பாயை இழுத்து உருவினாள். தெருவில் போகிறவர்கள் நின்று பார்த்தார்கள், பார்க்கட்டும். பட்டறை பட்டப்பகலில் எல்லார் கண்ணுக்கும் நேரே செவசெவவென்று நின்றது. அவள் கதவைத் திறந்து உள்ளே ஏறி, நல்லதை ஒரு பக்கமும் கெட்டதை ஒரு பக்கமும் பிரித்துத் தள்ள ஆரம்பித்தாள்.

மோப்பம் வந்தபோது அவள் முழங்கைவரை அழுகல் வழிந்துகொண்டிருந்தது.

"யார் திறக்கச் சொன்னா?"

"யாரும் சொல்லல."

"அப்புறம் எதுக்குத் திறந்த?"

"உங்க பொண்ணுக்கு ரெண்டு மூட்டை எடுக்க."

"எனக்குத் தெரியாமயா?"

"ஆமா. உங்களுக்குத் தெரியாமத்தான். திருட்டுத்தனமாத்தான். அந்தத் திருட்டுக்கு நான் வரலேன்னா இன்னும் நாலு நாள்ல மொத்தமும் கரைஞ்சு ஓடியிருக்கும். வந்து மோந்து பாருங்க."

அவர் கிட்டே வந்தார். மோந்து பார்க்க வேண்டிய அவசியமே இருக்கவில்லை. முகம் வெளிறிப்போனது. ஆனாலும் வாயில் வந்தது வேறு. "நீ திறந்ததுலதான் ஈரம் உள்ள போயிருக்கு."

அவள் கையிலிருந்த காயை அவர் காலடியில் எறிந்தாள். அது கொழகொழவென்று உடைந்தது. "ரெண்டு மணி நேரத்துல இப்படி ஆகுமா? சொல்லுங்க. உங்களுக்குத்தான் எல்லாம் தெரியுமே. நான் கெடுத்தேனா? என் தம்பி கெடுத்தானா? பால்காரர் கெடுத்தாரா? யாரோ வருவான்னு நீங்களே காயோட மூச்சை அடைச்சுக் கொன்னுட்டீங்க. ஒருத்தனும் வரல! வந்தானா? சொல்லுங்க, ஒருத்தன் வந்தானா?"

வேலி ஓரத்தில் பால்காரர் நின்றிருந்தார். அவள் எறிந்த காயையும் தரையில் கிடந்த வைக்கோலையும் பார்த்தார். திரும்பி ஓடினார். கொஞ்ச நேரத்தில் அவர் பக்கத்திலிருந்து தார்ப்பாய் இழுபடும் சரசரப்புக் கேட்டது. பிறகு அதற்கு அப்பாலிருந்தும் கேட்டது. ஒன்றன்பின் ஒன்றாக வைக்கோல் போர்கள் பிரிந்தன. பொழுது சாய்வதற்குள் காற்று எந்தப் பக்கம் திரும்பினாலும் அதே நாற்றமாக இருந்தது. யாரும் யாரையும் பார்த்து ஒன்றும் கேட்டுக்கொள்ளவில்லை.

மறுநாள் வேளாண்மை ஆபீஸ்காரர் வண்டியில் வந்தார். மோப்பம் அவரைப் பார்த்ததும் கையைக் கட்டிக்கொண்டு பட்டறை முன்னால் நின்றார். "எழுதிக்குங்க. எவ்ளோ இருக்கோ எழுதிக்குங்க," என்றார்.

"என்ன எழுதறது?" வந்தவர் கைக்குட்டையால் மூக்கைப் பொத்திக்கொண்டார். "ஏன் எல்லாரும் மூடி வச்சீங்க?"

"இருப்பு வைக்கக் கூடாதுன்னு உத்தரவு போட்டீங்கல்ல?"

"அது வியாபாரிக்குங்க. விளைவிச்சவங்களுக்குக் கிடையாது. நீங்க எவ்ளோ வேணா வச்சுக்கலாம்."

மோப்பம் அவரை மேலும் கீழும் பார்த்தார். "இதை மூடறதுக்கு முன்னாடி வந்து சொல்லியிருக்கலாமே?"

"எங்களுக்கே நேத்துத்தாங்க தெளிவா சொன்னாங்க."

வந்தவர் பாவம், நல்ல மாதிரியாகத்தான் பேசினார். டீ கொடுத்தாள், குடித்தார். நஷ்டத்துக்கு மனு கொடுங்கள் என்றார், மூடி வைத்துக் கெட்டதற்குக் கிடைக்குமா என்பது சந்தேகம்தான் என்றும் சொன்னார். அவர் போனதும் மோப்பம் காலி டம்ளரை எடுத்துப் பார்த்தார். பிறகு, "டீயை முழுசாக் குடிச்சான், பாத்தியா?" என்றார். அவள் அவரைத் திரும்பிப் பார்த்தாள். அவர் கண் கலங்கியிருந்தது. அவள் பக்கத்தில் உட்கார்ந்து காயைப் பிரித்தாள்.

தேறியது பாதிக்கும் குறைவு. வேர்த்த காய் இனி நிற்காது, அன்றன்றைக்கே தள்ளியாக வேண்டும். அவளே தம்பிக்கு ஃபோன் பண்ணினாள். அவன் லாரியோடு வந்தான், மெலிந்திருந்தான். துறைமுகத்தில் நின்ற அவன் சரக்கும் லாரியிலேயே அழுகிப்போயிருந்தது. "எனக்குத் தெரிஞ்சிருந்தா நான் ஏன் மாமா அங்க அனுப்பப் போறேன்?" என்றான். மோப்பம் தலையைக் குனிந்துகொண்டு மூட்டைகளைத் தூக்கிக் கொடுத்தார். வந்த விலைக்குப் போனது. கிணற்றுப் பேச்சை இரண்டு பேரும் எடுக்கவில்லை.

அந்த லாரியிலேயே மகளுக்கும் இரண்டு மூட்டை போனது. அந்த இரண்டு மூட்டையை மட்டும் மோப்பம் தானே பொறுக்கினார். ஒவ்வொரு காயாக எடுத்து, அழுத்தி, மூக்கருகே வைத்துப் பார்த்து, துணியில் துடைத்துப் போட்டார். கடைக்குப் போகிற வெங்காயம், பேர் கெடக் கூடாது என்றார்.

நாற்று விடுகிற காலம் வந்தது. கிணறு வறண்டே கிடந்தது. நிலத்தைக் குத்தகைக்குப் பேச பால்காரர் இரண்டு தடவை வந்து போனார். அந்தச் சமயத்தில் வெங்காய விலை மறுபடி ஏறியது. தேசமெங்கும் இருப்பு எதிர்பார்த்ததைவிடக் குறைவாக இருக்கிறது, காரணம் புரியவில்லை என்று டிவியில் கோட்டு போட்டவர்கள் பேசினார்கள். விவசாயிகள் பதுக்கி வைத்திருக்கலாம் என்றார் ஒருவர். வெளிநாட்டிலிருந்து கப்பல் வருகிறது என்றார் இன்னொருவர்.

மத்தியானம் மகள் கூப்பிட்டாள். குரலில் பழைய கலகலப்பு இல்லை. நலம் விசாரித்தாள். பிறகு, "அப்பாகிட்டக் குடும்மா," என்றாள்.

"அப்பா, திரும்ப ஏறிடுச்சு. போன தடவையை விட மோசம். அட்டையைத் திரும்ப மாட்டிட்டேன். ஒரே ஒரு மூட்டை இருந்தாலும் அனுப்புங்கப்பா. இந்த மாசம் தள்ளிட்டா போதும்."

மோப்பம் எழுந்து நின்றுகொண்டு பேசினார். இந்தத் தடவை குரல் மெதுவாகத்தான் வந்தது. "எங்கிட்ட இல்லம்மா. ஒரு காய் கிடையாது."

"அன்னிக்கும் இதையேதான் சொன்னீங்க."

"அன்னிக்குச் சொன்னது வேறம்மா. நெசமாவே இல்ல. எல்லாம் அழுகிப்போச்சு."

"ரெண்டு மூட்டை அனுப்பினீங்களேப்பா. பிரிச்சுப் பாத்தேன். மேல ரெண்டு கை நல்லா இருந்துச்சு. அடியில எல்லாம் கருத்துத் தண்ணியா இருந்துச்சு. நான் ஒண்ணும் கேக்கல. நல்லதை விலை ஏறட்டும்னு வச்சுக்கிட்டு கழிசலை இங்க தள்ளிட்டாங்கன்னு இவர்தான் சொன்னார். நான் அவரோட சண்டை போட்டேன், எங்கப்பா அப்படிப்பட்டவர் இல்லன்னு."

மோப்பம், தான் ஒவ்வொரு காயாகத் துடைத்த துணியைத் தேடுகிறவர்போல் சுற்றுமுற்றும் பார்த்தார். பிறகு ஃபோனை மனைவி கையில் வைத்துவிட்டு வெளியே போனார். காலியாக நின்ற பட்டறையை ஒரு சுற்றுச் சுற்றி வந்தார். மூங்கில் சந்து வழியாகக் காற்று தாராளமாக இந்தப் பக்கம் நுழைந்து அந்தப் பக்கம் போய்க்கொண்டிருந்தது.

"அம்மா, நீயாச்சும் நெசத்தைச் சொல்லு," என்றாள் மகள்.

அவள் எல்லாவற்றையும் சொன்னாள். தார்ப்பாய், வைக்கோல், தூற்றல், தான் திருடப் போனது, அவர் ஒவ்வொரு காயாக மோந்து பொறுக்கினது, வேர்த்த காய் மூட்டைக்குள்ளேயே கெட்டிருக்கும் என்பது. ஒன்றையும் விடவில்லை. மகள் குறுக்கே பேசாமல் கேட்டுக்கொண்டாள். முடிந்ததும் "சரிம்மா," என்றாள். அவ்வளவுதான். அதன்பிறகு, எதையோ மோந்து பார்க்கிற மாதிரி ஒரு மௌனம்.

அந்த மௌனத்தை அவளுக்கு நன்றாகத் தெரியும். கல்யாணமான நாளிலிருந்து அதோடுதான் குடித்தனம் நடத்துகிறாள்.